வாசலுக்கு ஒரு வீடு

எங்கள் வீட்டில் எங்களுக்கு இடம் இல்லை. இதைச் சொன்னால் நான் கூட்டிச் சொல்வதாக என் தங்கை நினைக்கிறாள். அவள் வந்து ஒரு வாரம் தூசி தட்டிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

முன்னறையில் சுவர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மூன்று பக்கமும் நார்மன் அடித்த பலகைகள், பலகை நிறையக் குட்டி வீடுகள். பிளாஸ்டரில் வார்த்து, கையால் வண்ணம் தீட்டியவை. வைக்கோல் கூரை, வெள்ளைச் சுவர், கதவுக்கு மேலே ரோஜாக்கொடி, நகத்தளவு ஜன்னல். சிலவற்றில் வாசலில் பூனைகூட உண்டு. எல்லாம் இங்கிலாந்தின் தெற்கத்தி கிராமத்து வீடுகள். நாங்களோ வடக்கே கம்பிரியாவில், மழைக்கு நடுவில், மேட்டுத் தெருவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய சாம்பல் கல்வீடுகளில் ஒன்றில் இருப்பவர்கள். எங்கள் கதவுக்கு மேலே மழைத்தண்ணீர்க் குழாய்தான் ஓடுகிறது.

நார்மன் என் கணவன். வேலையில் இருந்த காலமெல்லாம் தபால்காரன். இந்த மேட்டுத் தெருக்கள்தான் அவன் பேட்டை. அடுத்தவர் வாசலையே பார்த்துப் பார்த்து வீட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது உனக்கு என்று சொல்வேன். கோபம் வராது அவனுக்கு. எதற்குமே வராது. அவனோடு குடித்தனம் நடத்துவதில் இருக்கிற கஷ்டமே அதுதான், ஒரு சண்டையை ஆரம்பித்தால் நானேதான் முடிக்கவும் வேண்டும்.

வாங்குவது அவன், துடைப்பது நான். அவன் விரல் தடிமன், புகைபோக்கியை உடைத்துவிடுவான். கன்னத்துக்குப் பவுடர் பூசுகிற தூரிகை ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறேன். அது என் கன்னத்தைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. கடைசிப் பலகையை முடிப்பதற்குள் முதல் பலகையில் தூசி படிந்துவிடும். மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

மாடியில் இருக்கிற இரண்டாவது அறை பெட்டிகளுக்கு. ஒவ்வொரு வீடும் வந்த அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அது சேகரிப்பவர்களுக்குள் சட்டம். பெட்டி இல்லாத வீட்டை அவர்கள் சீந்தமாட்டார்கள். "பெட்டி போச்சுன்னா பாதி வீடு போச்சு" என்பான் நார்மன். ஒவ்வொரு பெட்டியின் மீதும் உள்ளே இருக்க வேண்டிய வீட்டின் பெயரைத் தன் தபாலாபீஸ் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருப்பான். ஆக, கீழே வீடுகள், மேலே அவற்றின் காலிப்பெட்டிகள், நடுவில் செங்குத்தாக ஒரு படிக்கட்டு. கழிப்பறை மாடியில்.

என் முட்டி இரண்டும் போய்விட்டன. ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவேன். போன குளிர்காலத்தில் ஒருநாள் அப்படி உட்கார்ந்தவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. கடைக்குப் போன நார்மன் திரும்பி வரும்வரை படியிலேயே இருந்தேன். அழுதேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பால் வாங்கினியா?" என்று கேட்டேன்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் ஆற்றோரத்து வீடு வந்தது. வயதானவர்களுக்காக ஓர் அறக்கட்டளை கட்டிய தளவீடுகள். மாடி கிடையாது. எங்கள் பெயரைக் கொடுத்து நானே மறந்துபோயிருந்தேன். ஜோனா என்ற பெண் அங்கிருந்து போன் செய்தாள்.

"பெரில், உங்க முறை வந்திருக்கு. வந்து பாருங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லிடுங்க, இல்லன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும். திரும்ப எப்ப காலியாகும்னு என்னால சொல்ல முடியாது."

போய்ப் பார்த்தோம். வாசலில் படியே இல்லை. சும்மா ஒருதரம் உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். படுக்கையறைக்குப் பக்கத்திலேயே கழிப்பறை. அதன் கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நார்மன் கோட்டுப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, இருந்த ஒரே பெரிய ஜன்னலின் திட்டை அளந்துகொண்டிருந்தான்.

"ஒரு டஜன் நிக்கும் பெரில். நெருக்கி வெச்சா இன்னும் ரெண்டு."

"என் நாற்காலி எங்க நிக்கும்னு அளந்தியா?"

"நாற்காலி எங்க வேணா நிக்கும்."

"ஆமா, நானும் எங்க வேணா நிப்பேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நின்னுட்டுதானே இருக்கேன்."

ஜோனா சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கப் போய்விட்டாள். விவரமான பெண்.

பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பாலம் தாண்டியதும் கேட்டான். "மிச்ச வீடுகள என்ன பண்றது?"

"வித்துடு."

"யாரு வாங்குவா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? வயசான காலத்துல நமக்குக் கை கொடுக்கும்னு சொன்னது நீதானே. வயசாயிடுச்சு. கொடுக்கச் சொல்லு."

நான் சொன்னது அநியாயம் என்று தெரியும். இவற்றின் விலை ஏறிக்கொண்டே போகும் என்று அந்தக் காலத்தில் எல்லோருமேதான் நம்பினார்கள்.

மறுநாள் கடைத்தெருவில் இருக்கிற தர்மக்கடைக்கு நான்கு வீடுகளைப் பெட்டியோடு எடுத்துப் போனேன். ஊர்க்காரர்கள் கொடுக்கிற பழைய சாமானை விற்று அனாதை நாய்களுக்குச் செலவு செய்கிற கடை. அங்கே இருந்த அம்மாள் பெட்டியைப் பார்த்ததுமே முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, தப்பா நினைக்காத. எங்க பின்னறை முழுக்க இதுதான் கிடக்கு. யாராவது ஒருத்தர் கண்ண மூடினா ஒரு ஊரே வந்து எறங்குது."

திரும்ப மேட்டில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் தேவாலயக் கூடத்தில் சேகரிப்பவர்களின் சந்தை. நார்மனுக்கு அதில் பெரிய நம்பிக்கை. "அங்க வர்றவங்க விஷயம் தெரிஞ்சவங்க" என்றான். விஷயம் தெரிந்தவர்கள்தான். அத்தனை பேரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. எல்லோருக்கும் எங்கள் வயது, எல்லோரிடமும் தங்கள் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீடுகள். டீயும் பழக்கேக்கும் சாப்பிட்டோம். மத்தியானம் போல ஒவ்வொருவராக எழுந்து மற்றவர் மேஜையைப் பார்க்கக் கிளம்பினார்கள். அங்கேதான் வினை. தெரிந்தவன் மேஜை முன்னால் நின்று பார்த்துவிட்டு வெறும் கையோடு நகர்வது எங்களவர்களுக்கு வராது. செத்தாலும் வராது. நார்மனின் பழைய சிநேகிதன் கீத் எங்களிடம் இரண்டு வாங்கினான். நார்மன் கீத்திடம் இரண்டு வாங்கினான். அதோடு நிறுத்தாமல், கீத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த விதவையிடமும் ஒன்று வாங்கினான்.

"விக்கப் போன இடத்துல வாங்கிட்டு வந்திருக்க," என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"அந்தம்மா காலையிலேர்ந்து ஒண்ணுகூட விக்கல பெரில்."

"நீயும்தான் விக்கல."

"கீத் வாங்கினானே."

சாப்பாட்டு மேஜையில் அந்தப் புது வீட்டை வைத்தான். அழகாகத்தான் இருந்தது, மஞ்சள் கதவும் கிணறுமாக. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் அசந்துபோனது. கோபம்கூட இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டும்.

"நார்மன், நான் சொல்றதக் கேளு. வெள்ளிக்கிழமை ஜோனாவுக்கு போன் பண்ணி சரின்னு சொல்லப்போறேன். நான் போறேன். நீ வந்தா வா. இல்ல, இதுங்களோட இங்கயே குடித்தனம் பண்ணு. என்னால இனிமே இந்தப் படி ஏற முடியாது. ஒருநாள் நீ கடைக்குப் போயிட்டு வர்றப்ப நான் படிக்குக் கீழ கிடப்பேன்."

"அப்படிலாம் பேசாத."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

என் முகத்தைப் பார்த்தான். விளையாட்டில்லை என்று புரிந்தது. டீ ஆறிப்போகும் வரைக்கும் அந்த மஞ்சள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை நான் எழுந்தபோது பக்கத்தில் அவன் இல்லை. காய்கறி வாங்க நான் இழுத்துக்கொண்டு போகிற சக்கரப்பையும் இல்லை. முன்னறைக்கு இறங்கி வந்தால் மேல்பலகை ஒன்று காலி. அங்கே சுவர் தெரிந்தது. சுவருக்கு நாங்கள் பச்சை வண்ணம் அடித்திருந்தோம் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கன்னம் சிவக்க வந்து சேர்ந்தான். பை காலி.

"எங்க போன?"

"பழைய தபால் ரவுண்டுக்கு. வாசலுக்கு ஒண்ணு வெச்சுட்டு வந்தேன்."

"என்னது?"

"ஆளுக்கொரு வீடு. யார் வாசலுக்கு எது பொருந்தும்னு எனக்குத் தெரியாதா? மிஸஸ் ஹாட்ஸனுக்கு நீலக் கதவு வீடு. அவங்க கதவும் நீலம்தானே. மூலைவீட்டு ஆசிரியருக்குப் பள்ளிக்கூடம் ஒட்டின வீடு. என்னைக் கடிச்ச நாய் இருந்துதே, அந்த வீட்டுக்கு நாய் இருக்கற வீடு."

"பெட்டியோடயா?"

"பெட்டி எதுக்கு? பெட்டி சேர்த்து வைக்கறவங்களுக்கு. இவங்க குடியிருக்கப் போறவங்க." அவன் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். "அதுவுமில்லாம, உன் கப்பு சாஸரெல்லாம் கட்டணுமே. அந்தப் பெட்டிங்க நல்ல உறுதி."

அதைக் கேட்டதும் நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவன் முன்னால் அழ எனக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை வரை காலையிலும் சாயங்காலமும் பையை நிரப்பிக்கொண்டு போனான். சுவர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எனக்கு அவனைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது, விசிலடித்துக்கொண்டு வருகிறான், போகிறான். ஜன்னல் திட்டுக்கென்று ஒரு டஜன்கூட வைத்துக்கொள்ளவில்லை. "எத எடுத்து எத விடறது? எல்லாம் போகட்டும். அங்க நீ பூத்தொட்டி வை" என்றான். வெள்ளிக்கிழமை காலை ஜோனாவுக்கு போன் செய்து, சரி என்று சொன்னேன்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நார்மன் கடைசிப் பையோடு வெளியே போயிருந்தான். வாசலில் மிஸஸ் ஹாட்ஸன். கையில் மெல்லிய தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

"பெரில், நார்மன் இல்லையே? இல்லாத நேரமாப் பார்த்துதான் வந்தேன். இத வாசல்ல வெச்சுட்டுப் போனார், ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். ரொம்ப அழகா இருக்கு. ரொம்ப நல்ல மனசு. ஆனா பாரேன், எங்க வீட்டுல வைக்க இடமே இல்ல. இவ்வளவு நல்ல பொருள எங்கயோ ஒரு மூலையில போட மனசு வரல. நீங்களே வெச்சுக்கறதுதான் நியாயம்."

நீலக் கதவு வீடு. வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர். பஸ்ஸில் குடையை விட்டால் குடை வீட்டுக்கு வந்துவிடும். தன்னுடையது இல்லாத ஒன்றை யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள், கொடுத்தவர் மனம் புண்படும்படி நேரில் மறுக்கவும் மாட்டார்கள். ஆகவே எல்லோரும் அவன் இல்லாத நேரம் பார்த்து வந்தார்கள். ஆசிரியர் வந்தார். அடுத்த தெருக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி வந்து, குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்றாள். நாய் வீட்டுக்காரன் வந்தான், அந்த நாய் செத்து வெகுகாலமாயிற்றாம், அதைப் பார்த்தால் மனைவி அழுகிறாளாம். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி வாங்கினேன். "நார்மன்கிட்ட சொல்லாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "சேச்சே, சொல்லுவோமா" என்றார்கள்.

எல்லாமே திரும்பி வந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வந்தது போதும். நார்மனின் கால்சத்தம் கேட்டால் துணி துவைக்கும் மெஷினுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் துணி துவைக்கவில்லை.

"யாராவது வந்தாங்களா?" என்பான்.

"மிஸஸ் ஹாட்ஸன் வந்தா."

"எதுக்கு?"

"தேங்க்ஸ் சொல்ல."

"என்ன சொன்னாங்க?"

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? "ஜன்னல்ல வெச்சிருக்காளாம். கதவு நிறம் அப்படியே பொருந்துதாம்."

"நான் சொல்லல?" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பான். பொய் சொல்வதுகூட ஒரு வேலைதான், மெனக்கெட வேண்டியிருக்கிறது. யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடிபோகும் நாளில் என் கப்பும் சாஸரும் அந்தப் பெட்டிகளில்தான் வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் வீட்டின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தான். "சாஸர் நாலு." "பால் ஜாடி, மூக்கு பத்திரம்." "பெரிலின் கப்." ஒரு கைப்பிடிகூட உடையவில்லை. காலியான பெட்டிகளைத் தோட்டத்துக் கொட்டகையில் அடுக்கினான். பழைய அட்டை எடுக்கிற வண்டி வரும்போது போட்டுவிடுவதாகச் சொன்னான்.

மெஷினில் இருந்தவை என் உள்பாவாடைகளிலும் கம்பளிக் காலுறைகளிலும் சுற்றி, அவன் தொடவே தொடாத என் பெட்டியில் வந்து சேர்ந்தன. புது வீட்டில் துண்டுகள் வைக்கிற அலமாரியின் அடியில், துண்டுகளுக்குப் பின்னால் அடுக்கினேன். அவன் காலையில் பேப்பர் வாங்கப் போகும்போது கதவைத் திறந்து, அந்தப் பழைய தூரிகையை எடுத்து உட்கார்ந்துவிடுவேன். அலமாரிக்குள்ளும் தூசி வரத்தான் செய்கிறது. துண்டு நூல் வேறு கூரையில் ஒட்டுகிறது. எந்த வேலை தொலையட்டும் என்று இத்தனை பாடுபட்டேனோ, அதே வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தேன். என் தலையெழுத்தை நினைத்து ஒருநாள் தனியாகச் சிரித்தேன்.

ஒரு வெயில் நாளில் நார்மன் தொப்பியை எடுத்தான்.

"மேட்டுப் பக்கம் போயிட்டு வரேன். எல்லாம் ஜன்னல்ல எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"எதுக்கு இவ்வளவு தூரம்? வெயில் வேற."

"வெயில்லதான் நல்லாத் தெரியும்."

அவனைத் தடுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. அவன் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், கெட்டிலை வைத்தேன், அணைத்தேன். ஒவ்வொரு ஜன்னலாக நின்று பார்ப்பான். மிஸஸ் ஹாட்ஸனின் ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் கற்றாழைதான் இருக்கும். அவன் எப்படித் திரும்பி வருவான் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

டீ நேரத்துக்கு வந்தான். தொப்பியை மாட்டினான். உட்கார்ந்தான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"எல்லாம் நல்லா இருக்கு பெரில். மிஸஸ் ஹாட்ஸன் ஜன்னல்ல நீலக் கதவு. வெயில் பட்டு ஜொலிக்குது. நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு. ஆசிரியர் புத்தகத்துக்கு நடுவுல வெச்சிருக்கார். நாய் வீட்டுலயும் பார்த்தேன்."

மூன்றும் எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில், துண்டுகளுக்குப் பின்னால் இருந்தன.

"நல்லதாப் போச்சு," என்றேன். அவன் கப்பில் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். அவன் அதை வாங்கும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் முட்டி வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்து என்னைக் கூட்டிப் போனது. அரை நாள் ஆயிற்று. மறுநாள் காலை அவன் பேப்பர் வாங்கப் போனதும், தூரிகையை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். துண்டுகளை விலக்கினேன். வீடுகளைக் காணோம். கொட்டகையில் கிடந்த அட்டைப்பெட்டிகள் அங்கே இருந்தன, வரிசையாக, விளிம்பு பிசகாமல். ஒன்றை இழுத்தேன். பழைய பெயர் அடிக்கப்பட்டிருந்தது, அதற்குக் கீழே "சாஸர் நாலு" என்பதும் அடிக்கப்பட்டிருந்தது, அதற்கும் கீழே பழைய பெயரே மறுபடியும் எழுதியிருந்தது. மூடியைத் திறந்தேன். நீலக் கதவு, தூசி இல்லாமல்.

மூடி வைத்தேன். துண்டுகளை முன்னால் இருந்தபடியே அடுக்கினேன். பெட்டிக்குள் தூசி போகாது. தூரிகையைக் கழுவி, ஜன்னல் திட்டில் காயவைத்தேன்.